மயோபதி: நோயா, வைத்தியமா?

புதுவயல்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பாதி மருத்துவக் கேள்வி, பாதி தமிழ்க் கேள்வி, எங்கே போடுவது என்று தெரியாமல் இங்கே போடுகிறேன்.

என்னைப் பெற்ற ஆத்தாவுக்கு வயது 63. நாலைந்து மாதமாகப் படி ஏற முடியவில்லை. நம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தெருவிலிருந்து முகப்புக்கு ஏறவே ஆறேழு படி, அப்புறம் கட்டுக்குக் கட்டு ஒரு நிலைப்படி தாண்ட வேண்டும். வலி என்று பெரிதாக இல்லை, "காலுல சத்தே இல்லப்பா" என்பதுதான் ஆத்தாவின் பேச்சு. தரையில் உட்கார்ந்தால் வளவுத் தூணைப் பிடித்துத்தான் எழுகிறார். மேல் தட்டில் இருக்கும் தூக்குவாளியை எடுக்கக் கை உயரமாட்டேன் என்கிறது. முட்டித் தேய்மானம் என்று நினைத்துத் தைலம் தேய்த்தே இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டோம்.

போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டில் 'மயோபதி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சந்தை நாள் மாதிரி கூட்டம், நின்று கேட்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால் பெரியப்பச்சி (பெரியப்பா) சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓமியோபதி மாதிரி இது ஒரு வைத்தியம் போலருக்கு, அதுக்குப் போகச் சொல்றார், எந்த ஊர்ல பாக்குறாங்கன்னு விசாரி" என்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் அதே சொல்லைப் போனில் தேடி, 'தசைச்சிதைவு நோய்' என்று சத்தமாக வாசித்துவிட்டது. அன்றிலிருந்து ஆத்தா சரியாகச் சாப்பிடவில்லை. சிதைவு என்ற சொல் மனதில் போய் உட்கார்ந்துவிட்டது.

இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்னதான் பொருள்?

தேவகோட்டை ரஸ்தா:

அமெரிக்காவில் மயோ கிளினிக் என்று பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, அங்கே கண்டுபிடித்ததாக இருக்கும். ஆத்தாவைப் பார்த்துக்கொள் தம்பி.

நேமத்தான்:

ரஸ்தா அண்ணே, அந்த மயோ ஒரு டாக்டர் குடும்பத்தின் பெயர். இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இந்த மயோ கிரேக்கத்திலிருந்து வருகிறது. 'மூஸ்' என்றால் தசை. வேடிக்கை என்னவென்றால் அதே 'மூஸ்' என்றால் எலி. லத்தீன்காரனும் இதையே செய்தான், எலிக்கு மூஸ், குட்டி எலிக்கு மூஸ்குலுஸ், அந்தக் குட்டி எலிதான் இங்கிலீஷில் மசில் ஆனது. கையை மடக்கி முண்டா காட்டிப் பாருங்கள், தோலுக்கு அடியில் ஒரு சுண்டெலி ஓடி ஒளிகிற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் என்று சொல்கிறார்கள். சமஸ்கிருத மூஷிகமும் இதே குடும்பத்துச் சொல்தான். ஆக ஆத்தாவின் சீட்டில் இருப்பது நம் பிள்ளையார்பட்டிக்காரரின் வாகனத்துக்குத் தூரத்துச் சொந்தம். மாரடைப்பை டாக்டர்கள் மயோகார்டியல் என்று தொடங்கிச் சொல்வார்களே, அதில் இருப்பதும் இந்த எலிதான், மயோகார்டியம் என்றால் இதயத் தசை.

ஒன்று கவனிக்க வேண்டும், 'மயோ' என்று தொடங்குவதெல்லாம் தசை இல்லை. கிட்டப்பார்வைக்குச் சொல்லும் மயோபியாவில் இருப்பது கண்ணைச் சுருக்கி மூடுவதைக் குறிக்கும் வேறொரு கிரேக்கச் சொல். சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பவர் என்று அர்த்தம்.

இனி 'பதி'. அது 'பதோஸ்', துன்பம், பட்ட வேதனை. மயோபதி என்றால் தசை வேதனைப்படுகிறது, தசைக்கு நோய். அவ்வளவுதான் அந்தச் சொல்லில் இருக்கிறது. அதனால் அது நோய், வைத்தியம் இல்லை. ஆனால் பெரியப்பச்சியைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம். ஹானிமன் என்ற ஜெர்மன் டாக்டர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோமியோபதி என்று பெயர் வைத்தபோது 'ஒத்த வேதனை' என்ற பொருளில்தான் வைத்தார், எது நோயைப் போன்ற வேதனையைத் தருமோ அதுவே மருந்து என்பது அவர் கட்சி. தன் எதிராளிகளுக்கு அலோபதி என்று பெயர் சூட்டியதும் அவர்தான். அப்புறம் அடுத்தடுத்து வந்தவர்கள் பதி என்றாலே வைத்திய முறை என்று எடுத்துக்கொண்டு நேச்சுரோபதி வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரே வால், ஒரு பக்கம் நோய், ஒரு பக்கம் மருந்து. பெரியப்பச்சி மட்டும் என்ன செய்வார்.

தேவகோட்டை ரஸ்தா:

பதோஸ் என்பதே நம் 'பாடு' தானே! படாத பாடு பட்டேன் என்கிறோமே. தமிழிலிருந்துதான் கிரேக்கத்துக்குப் போயிருக்கிறது, கொற்கை முத்தோடு சேர்ந்து.

பட்டாலைத் தூண்:

முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன் ரஸ்தா, ஒலி ஒத்தாலே உறவு கொண்டாடக்கூடாது. அப்படிப் பார்த்தால் திருப்பதியிலும் ஒரு பதி இருக்கிறது, அதுவும் கிரேக்கமா? ஆனால் நீங்கள் தெரியாமலே நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். கிரேக்கச் சொல்லுக்கு அடியில் இருப்பது 'பட்டு அனுபவிப்பது' என்ற கருத்து. நம் 'படு' அச்சாக அதே வேலையைச் செய்கிறது, துன்பப்பட்டான், கடன்பட்டான், பாடு. உறவு இல்லை, ஆனால் யோசனை ஒன்று. நான் மொழிபெயர்த்தால் மயோபதியை 'தசைப்பாடு' என்றே சொல்லிவிடுவேன், யார் ஒத்துக்கொள்வார்கள்.

எலி பற்றிய செய்தி சுவையாக இருந்தது. கிரேக்கன் எலியைப் பார்த்த இடத்தில் நாம் மீனைப் பார்த்திருக்கிறோம். காலின் பின்புறச் சதையைக் கெண்டைக்கால் என்கிறோம், கெண்டைச்சதை என்கிறோம், அந்தக் கெண்டை மீன்தான், நடு பருத்து இரு முனையும் ஒடுங்கி இருக்கிறது. கண்மாய்க்காரனுக்கு மீன்தானே கண்ணில் படும். ஆடுசதை என்று இன்னொரு பெயரும் உண்டு.

தசையா சதையா என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் ஒன்றே, எழுத்து இடம் மாறியது, விசிறி சிவிறி ஆன மாதிரி. பேச்சில் சதை என்றால் கொழுப்போடு சேர்த்து மொத்தமாகச் சொல்கிறோம், தசை என்றால் மருத்துவச் சொல்லாகிவிட்டது. அதற்கும் முந்தையது ஊன். சித்த மருத்துவத்தில் உடற்கட்டு ஏழு என்பார்கள்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, அப்புறம் சுக்கிலம் அல்லது சுரோணிதம். மூன்றாவதான ஊன்தான் இன்று நாம் பேசும் தசை. தன் உடம்பின் சதைக்கும் தின்னும் இறைச்சிக்கும் அந்த ஒரே சொல், வள்ளுவர் 'தன்னூன் பெருக்கற்கு' என்று தொடங்கும் குறளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குத்துகிறார்.

ஆறாவதாக வரும் மூளை, மண்டைக்குள் இருப்பது மட்டும் இல்லை, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை நல்லி எலும்பை உறிஞ்சுகிறவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

மாத்திரைக்காரர்:

வாத்தியார் மூளை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. தம்பி, சீட்டை நல்ல வெளிச்சத்தில் இன்னொரு தடவை பாருங்கள், அது மயோபதிதானா, 'மைலோபதி'யா? காரைக்குடியில் 22 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன், இந்த இரண்டையும் மாற்றிப் படித்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. மைலோபதி என்றால் தண்டுவட நோய். கிரேக்கத்தில் மைலோஸ் என்றால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, முதுகெலும்புக்குள் இருப்பதால் தண்டுவடத்துக்கும் அதே பெயர். ஒரே ஒரு 'ல' தான் வித்தியாசம், ஆனால் ஆளை அனுப்பவேண்டிய இடமே வேறு.

அடுத்து, என்ன என்ன ரத்தப் பரிசோதனை? ஆத்தா என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

புதுவயல்காரன்:

பார்த்துவிட்டேன் அண்ணே, மயோபதிதான். பரிசோதனை: சிபிகே, டிஎஸ்ஹெச், வைட்டமின் டி, பொட்டாசியம். மாத்திரை: பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டேட்டின் ஒன்றரை வருடமாக.

மாத்திரைக்காரர்:

அந்தப் பட்டியலைப் பார்த்தாலே டாக்டர் என்ன நினைக்கிறார் என்று ஓரளவு தெரிகிறது. சிபிகே என்பது கிரியேட்டின் கைனேஸ், தசைக்குள் இருக்கவேண்டிய நொதி, தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும். (கிரியேட்டின் என்ற பெயரே கிரேக்கத்தில் இறைச்சியைக் குறிக்கும் 'க்ரெயாஸ்' என்ற சொல்லிலிருந்து, வாத்தியாருக்காகச் சொல்கிறேன்.) டிஎஸ்ஹெச் தைராய்டுக்கு. தைராய்டு குறைந்தாலும் தசை தளரும், வைட்டமின் டி குறைந்தாலும் தளரும், பொட்டாசியம் இறங்கினாலும் தளரும், ஸ்டேட்டின் வகை மாத்திரை சிலருக்குத் தசையைப் பிடிக்கும், அதிலும் தைராய்டு குறைவாக இருப்பவர் ஸ்டேட்டின் சாப்பிட்டால் அந்த வாய்ப்பு கூடும். ஸ்டீராய்டு நாள்பட எடுத்தாலும் இதே கதை, அப்போது சிபிகே பெரும்பாலும் ஏறவே ஏறாது. இவை எல்லாமே மயோபதிதான். அந்தக் கேள்விக்குறிக்கு அர்த்தம் 'இதுவாக இருக்குமோ?' என்பது, இருந்தால் 'எதனால்?' என்பது அடுத்த கேள்வி.

நீங்களாக மாத்திரையை நிறுத்தவேண்டாம், டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தவேண்டும், கொலஸ்ட்ரால் மாத்திரை சும்மா கொடுப்பதில்லை. ஆனால் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, திடீரென்று உடம்பெல்லாம் வலி வந்தாலோ ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். தசை மொத்தமாகக் கரைந்து கிட்னியை அடைக்கிற நிலை அது.

கோட்டையூர் பிசியோ:

படி, தரையிலிருந்து எழுவது, மேல் தட்டு. மூன்றும் இடுப்பு, தோள் பக்கத்துப் பெரிய தசைகளின் வேலை. தசை நோய்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் காட்டும், விரல் நுனியில் மரத்துப்போவது, எரிவது எல்லாம் அநேகமாக நரம்புப் பக்கம். தரையிலிருந்து எழும்போது கையை முழங்காலில், அப்புறம் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி எழுகிறாரா என்று பாருங்கள். அதை கவர்ஸ் என்ற லண்டன் டாக்டர் 1879இல் எழுதிவைத்தார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம். எதனால் என்பதை அது சொல்லாது, எங்கே தளர்ச்சி என்பதைச் சொல்லும். நம் ஊர் வீடு ஒரு வகையில் நல்ல சோதனைக்கூடம், லிஃப்டும் சோபாவும் உள்ள வீட்டில் இருந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்திருக்கும்.

கீழச்சிவல்பட்டி ஆச்சி:

எல்லாரும் எலி, மீன் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தப்பாகச் சொல்லவில்லை, ஆனால் தசைச்சிதைவு என்ற சொல் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் தம்பி மகனுக்கு அது. ஐந்து வயதில் அடிக்கடி விழுந்தான். கெண்டைக்கால் நன்றாகத் திரண்டு இருக்கும், பார்க்கிறவர்கள் "பயில்வான் மாதிரி கால்" என்பார்கள், நாங்களும் பெருமையாக இருந்தோம். அது பலம் இல்லை என்று தெரிய இரண்டு வருடம் ஆனது. இப்போது பதினாறு வயது, சக்கர நாற்காலி, கணக்கில் எங்கள் குடும்பத்திலேயே அவன்தான் கெட்டி.

அவன் நோய் வேறு, இந்தத் தம்பியின் ஆத்தாவுக்கு வந்திருப்பது அநேகமாக வேறு. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லைப் போட்டுவைத்திருப்பதுதான் எனக்குக் கோபம். செய்தித்தாளில், போனில், எங்கே பார்த்தாலும் தசையில் எது வந்தாலும் தசைச்சிதைவு. சரியாகிவிடக்கூடிய நோய் வந்த 63 வயது அம்மாள் அதைக் கேட்டுச் சாப்பிடாமல் கிடக்கிறார். எங்கள் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களோ, "என் மச்சானுக்குக்கூட இதுதான், மாத்திரையிலேயே சரியாப்போச்சு, நீங்க ஏன் சரியா பாக்கல" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த இரண்டாவது இன்னும் வலிக்கும்.

நேமத்தான்:

மன்னிக்கணும் ஆச்சி. நீங்கள் சொல்வதுதான் இந்த இழையின் மையம், நான் எலி பின்னாலேயே ஓடிவிட்டேன்.

தசைச்சிதைவு என்பது மயோபதிக்கு மொழிபெயர்ப்பு இல்லை, மஸ்குலர் டிஸ்ட்ரோபிக்கு வைத்த சொல். மயோபதி பெரிய குடை, டிஸ்ட்ரோபி அதன் கீழே நிற்கும் ஒரு குடும்பம், பிறவியிலேயே மரபணுவில் பிழையோடு வருவது. டிஸ்ட்ரோபியில் 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம், 'டிஸ்' என்றால் கெட்ட. ஊட்டக் கேடு. (விளையாட்டில் வாங்கும் டிராபி வேறு வேர், யாரும் கேட்பதற்கு முன்னால்.) தசைக்கு ஊட்டம் போய்ச் சேரவில்லை என்று நினைத்த காலத்தில் வைத்த பெயர். 1891இல் எர்ப் என்ற ஜெர்மன் டாக்டர் அந்தப் பெயரை நிலைநிறுத்தினார். ஆச்சி சொன்ன திரண்ட கெண்டைக்காலை 1860களில் பிரான்சில் துஷேன் விரிவாக எழுதினார், அவர் வைத்த பெயரிலேயே 'பொய்ப் பருமன்' என்று இருக்கிறது. அவருக்கும் முன்னால், 1851இல், லண்டனில் மெரியன் என்பவர் இதே நோயைப் பற்றிப் பேசினார். தளர்ச்சி நரம்பால் வருகிறதா தசையாலேயா என்று வழக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மெரியன், இந்த நோயால் இறந்த ஒரு பையனின் தண்டுவடத்தைப் பார்த்தார், குறை இல்லை, தசையைப் பார்த்தார், இழையின் உறை கிழிந்திருந்தது. இது நரம்பு நோய் இல்லை, தசை நோய் என்றார். பெயர் என்னவோ துஷேனுக்குப் போய்விட்டது.

1987இல் அந்த உறையைத் தாங்கும் புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. துஷேன் நோயில் அதுதான் இல்லை. அதற்கு டிஸ்ட்ரோபின் என்று பெயர் வைத்தார்கள். இருந்தால் தசை பிழைக்கும் என்கிற புரதத்துக்கு 'ஊட்டக்கேடு' என்று பெயர், நோயின் பெயரை நல்லவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

பட்டாலைத் தூண்:

ஆச்சி சொன்னது மனதை அறுத்தது. மொழிக்காரர்கள் பக்கமும் குற்றம் இருக்கிறது. 'சிதைவு' என்று மொழிபெயர்த்தவன் நோயின் முடிவைப் பார்த்துப் பெயர் வைத்தான், மூலத்தில் இருப்பது ஊட்டம்தான். ஆனால் இப்போது அதை மாற்றவும் முடியாது, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி ஒன்று, தமிழ்ப் படிவங்களில் தசைச்சிதைவு என்றே வருகிறது, உதவித்தொகை வாங்கும் குடும்பங்களுக்கு அந்தச் சொல் வேண்டும். அது அங்கேயே இருக்கட்டும். மயோபதிக்கு வேறு சொல் வேண்டும். 'தசைநோய்' போதும். அலங்காரம் இல்லை, அதுதான் அதன் நன்மை, கேட்டவுடன் 'எந்தத் தசைநோய்?' என்று அடுத்த கேள்வி வரும்.

150 வருடத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிரீன் என்ற அமெரிக்க டாக்டர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று சொல் தேடிப் புத்தகம் போட்டார். நாம் இன்னும் போனில் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

தேவகோட்டை ரஸ்தா:

'தசைநலிவு' என்று சொல்லலாமே?

பட்டாலைத் தூண்:

நலிவு என்றால் மெலிந்துபோவது என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு நம்மிடம் அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது, சூம்புதல். கால் சூம்பிப்போச்சு என்றால் நம் கிராமத்தில் விளக்கம் வேண்டாம். ஆச்சி வீட்டுப் பிள்ளைக்கு முதலில் சூம்பவே இல்லை, திரண்டது. இந்தத் தம்பியின் ஆத்தாவுக்கும் சூம்பவில்லை போல. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டினால் இந்த வம்புதான்.

மாத்திரைக்காரர்:

டாக்டர்கள் தமிழில் சொல்லட்டும் முதலில். கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேருக்குத் தங்கள் நோயின் பெயரே தெரியாது, மாத்திரையின் கலர்தான் தெரியும்.

புதுவயல்காரன்:

ரிப்போர்ட் வந்தது. சிபிகே கொஞ்சம் அதிகம், ஆயிரத்தைத் தொடவில்லை. டிஎஸ்ஹெச் 60க்கு மேல், தைராய்டு குறைந்தால் இது ஏறுமாம். டாக்டர் இந்தத் தடவை உட்காரவைத்துச் சொன்னார், தைராய்டு குறைந்ததால் வந்த தசைத் தளர்ச்சிதான் முக்கியம், கொலஸ்ட்ரால் மாத்திரையும் கூடச் சேர்ந்திருக்கலாம், அதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைப்போம், தைராய்டு மாத்திரை தொடங்குவோம், சரியாகச் சில மாதம் பிடிக்கும் என்றார். ஆத்தாவிடம் தசைச்சிதைவு இல்லை, தைராய்டால் வந்த தசைநோய் என்று சொன்னேன். "அதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன" என்று ஒரு கேள்வி, அப்புறம் இரவு நாலு இட்லி.

கீழச்சிவல்பட்டி ஆச்சி:

நல்ல சேதி தம்பி. மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் கொடுங்கள், காப்பியோடு கொடுக்காதீர்கள்.

புதுவயல்காரன்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், இழை கீழே போய்விட்டது, தேடித்தான் பிடித்தேன். டிஎஸ்ஹெச் இறங்கிவிட்டது, சிபிகே சரியாகிவிட்டது. நேற்று பிள்ளையார் நோன்பு. நோன்புக்கு மாவில் செய்த இழையை எடுத்துக்கொள்ளும்போது ஆத்தா எல்லாரோடும் தரையில்தான் உட்கார்ந்தார், எழும்போது ஒரு கையைத் தொடையில் ஊன்றினார், தூண் பக்கம் போகவில்லை. நேமத்தான் அண்ணன் சொன்ன எலிக் கதையை அங்கே வைத்துச் சொன்னேன், பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், ஆளுக்கு ஆள் முண்டாவை மடக்கி எலி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பச்சிக்கு மட்டும் இன்னும் விளங்கவைக்க முடியவில்லை. நோன்புக்கு வந்த பங்காளிகளிடம் எல்லாம், "தங்கச்சிக்கு மயோபதி பாத்தோம், நல்லாக் கேட்டுருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் விலாசம் கேட்டிருக்கிறார்கள்.